கேட் தாண்டிச்சா?

கைப்பிடியை அவள் கண்ணால் பார்த்து நான் பார்த்ததே இல்லை. இடது கையில் எடுப்பாள். வலது கையின் நடுவிரலால் உள்வளைவில் ஒரு தடவு, வெளிவளைவில் ஒரு தடவு. கண் எதிர்ச் சுவரில் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று வம்பளக்கிறவளின் வாயில் இருக்கும். விரல் ஓரிடத்தில் நின்றால் பேச்சும் நின்றுவிடும். அதன் பிறகுதான் குனிந்து பார்ப்பாள். மயிரிழை அளவுக்கு அங்கே ஒரு விரிசல் ஓடியிருக்கும். நாங்களெல்லாம் அதே கைப்பிடியை லைட்டுக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லது என்று ட்ரேயில் போட்டிருப்போம்.

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனி அது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மெஷின்கள் ஒரு பக்கம். வார்த்து வந்ததைச் சரிபார்த்து அடுக்குகிற நாங்கள் ஒரு பக்கம். காலை ஷிப்டுக்கு அவள் லைன் லீடர், மத்தியான ஷிப்டுக்கு நான். இரண்டு மணிக்கு அவள் லைனை ஒப்படைப்பாள், நான் வாங்கிக்கொள்வேன். தினமும் கால் மணி நேரம் பேச்சு, அதில் பாதி நேரம் சண்டை. இப்படியே பல வருஷம் ஓடியது.

பேரைச் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், இப்போது கல்யாண வயது. பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்கிறார்களோ இல்லையோ, "அம்மா எந்த நோயில போனாங்க?" என்று கேட்காமல் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதில்லை. நான் எழுதப்போய் அந்தப் பிள்ளைக்கு ஒரு வம்பு வர வேண்டாம்.

முதல் வருஷம் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் என்ற பேரில் ஓர் அறையில் எட்டுப் பேராக அடைந்து கிடந்தோம். அவள் மண்ணூர்க்காரி. சொந்த வீடு, கம்பெனி பஸ் ஓட்டுகிற புருஷன், பள்ளிக்கூடம் போகிற மகள். போதாக்குறைக்கு நான் "வாரேன்" என்று சொன்னால் லைனே கேட்கும்படி "தெக்கத்திக்காரி வாராளாம், வழி உடுங்க" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அதைவிட எரிச்சல் அவளுடைய மூன்று கேள்விகள். ஒரு கோளாறு கண்டுபிடித்துவிட்டால், யார் செய்தது என்று அவள் கேட்கவே மாட்டாள். சூப்பர்வைசர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள், கேட்டுவிட்டுக் கத்துவார்கள், கத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் கத்த மாட்டாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கேட்பாள்.

"எவ்ளோ பெருசு?"

சொல்ல வேண்டும். நகத்தளவா, விரலளவா.

"பக்கத்து ட்ரேல கீதா?"

இருக்கிறதா இல்லையா என்று ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சும்மா தலையாட்டினால் அவளே எழுந்து போய்விடுவாள்.

"கேட் தாண்டிச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் பயப்படுவோம். அந்தக் கோளாறோடு செய்த பெட்டி எதுவும் லாரியில் ஏறி வெளியே போய்விட்டதா என்று அர்த்தம். ஸ்டோருக்கும் செக்யூரிட்டிக்கும் போன் போட்டு விசாரித்து, "இல்லக்கா" என்று சொல்கிறவரை அவள் உட்கார மாட்டாள். சொன்னதும் ஒரு மூச்சு விடுவாள். "அப்ப புடிச்சுடலாம்" என்பாள். அதற்கப்புறம் அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. வேலைதான் நடக்கும்.

இரண்டு மணிக்கு என்னிடம் லைனை ஒப்படைக்கும்போதும் அதையேதான் வேறு விதமாகச் சொல்வாள். "எல்லாம் உள்ளாறதான் கீது. வெளிய ஒண்ணும் போவல." சாமி கும்பிட்டு முடிப்பது மாதிரி சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போவாள்.

அந்தக் கேள்விகள் லைனோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஹாஸ்டல் வரைக்கும் வந்தன. எங்கள் அறையில் ஒரு விளாத்திகுளத்துப் பிள்ளை. மெஷின் மெயின்டனன்ஸில் இருந்த ஒரு பையனோடு பைக்கில் போனாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளை சாப்பிடாமல் கொள்ளாமல் அழுதுகொண்டிருந்தாள். இவள் காதுக்கு விஷயம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூருக்குக் கோவிலுக்கு வந்தவள் நேரே எங்கள் அறைக்கு வந்து, அந்தப் பிள்ளையின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ பெருசுமே விஷயம்? பைக்கோட நின்னுதா?"

"நின்னுட்டுக்கா. சத்தியமா."

"பக்கத்து ரூம்ல எவளுக்குத் தெரியும்?"

பிள்ளை இரண்டு பேரைச் சொன்னாள்.

"ஊருக்கு எவளாவது போன் போட்டாளா?"

"இல்லக்கா."

"அப்ப புடிச்சுடலாம். மூஞ்சியக் கழுவிகினு துன்னு."

நேரே பக்கத்து அறைக்குப் போனாள். உள்ளே என்ன பேசினாளோ தெரியாது. வெளியே வந்தபோது அந்த இரண்டு பேரின் முகமும் செத்துக் கிடந்தது. பேச்சு அதோடு அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளை பிற்பாடு அதே பையனைக் கட்டிக்கொண்டு மறைமலை நகரில் சௌக்கியமாக இருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு அவள் மீது இருந்த கோபம் போனது. அக்கா என்று மனசார ஒரு தடவை கூப்பிட்டேன். "இன்னாடி புதுசா?" என்றாள்.

கேட் தாண்டிய நாளும் ஒன்று இருந்தது. அச்சில் எங்கோ சூடு கூடிப்போய், கைப்பிடியின் கழுத்தில் விரிசல். அவள் விரல் அதைப் பிடிப்பதற்குள் ஒரு லாரி போயிருந்தது. போனை வைத்தாள். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. செக்யூரிட்டி ரூமுக்குப் பக்கத்தில் போய், மூடியிருந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய்க் கூப்பிட்டேன்.

"அக்கா, விடு. ஒரு லாரிதான?"

"தாண்டிச்சுன்னா அப்பால புடிக்க முடியாதுமே. பின்னாடியே ஓடிக்கினு கீறதுதான். எங்க கீதுன்னு தெரியாது, எத்தினி கீதுன்னு தெரியாது. ஓடணும், அவ்ளோதான்."

வாங்கிய கம்பெனியின் கிடங்குக்கே போய், பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தடவிப் பொறுக்கினாள். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று மேனேஜர் சொன்னார். அவள் நம்பவில்லை. ரோட்டில் போகிற காரின் கதவுகளை வெகு நாள் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சிவப்பு டேக்கைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோளாறு உள்ள ட்ரேயில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவோம். விரிசல் என்றால் நேரே நொறுக்குகிற மெஷினுக்குப் போகும். விரிசலுக்கு ரீவொர்க் கிடையாது. வெறும் பிசிறு என்றால், அதாவது ஓரத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால், கத்தியால் சீவித் தேய்த்துச் சரிபண்ணலாம். சரிபண்ணிய பிறகு அவள் தடவிப் பார்ப்பாள். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை என்றால் சிவப்பு அட்டையை எல்லோர் முன்னாலும் நாலாகக் கிழிப்பாள். ட்ரே பச்சைப் பக்கம் போகும். அதற்கப்புறம் அந்த ட்ரேக்கு ஒரு காலத்தில் சிவப்பு அட்டை இருந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. அட்டையைக் கிழிக்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். குழந்தை மாதிரி இருப்பாள் அப்போது.

பொங்கல் முடிந்த சமயம். நான் ஷிப்டுக்கு வந்து உடை மாற்றுகிற அறைக்குள் போனேன். அவள் தன் லாக்கருக்கு எதிரே, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். வலது கை ஓவர்கோட்டுக்குள், இடது மார்பில் இருந்தது. விரல் உள்ளே மெதுவாக நகர்வது துணிக்கு மேலே தெரிந்தது. கண் சுவரில். நகர்ந்த விரல் நின்றது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். லைனில் எத்தனையோ தடவை பார்த்த முகம்.

"என்னக்கா பண்ணுத?"

வெடுக்கென்று கையை எடுத்தாள். "இன்னா பண்றாங்க? சொம்மா நிக்கறேன். போய் வேலயப் பாரு."

"எப்ப இருந்துக்கா?"

நான் கதவைச் சாத்தினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் கேட்கிறவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்ற ஆத்திரம். அவள் குரலிலேயே கேட்டேன்.

"எவ்ளோ பெருசு?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாராவது அவளிடம் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"எலுமிச்சம்பழம். கொஞ்சம் பெரிய பழம். தீவாளிக்கு முன்னாடி நெல்லிக்கா கணக்கா இருந்துச்சு. வலியே இல்லமே. வலிச்சா காட்டியிருக்க மாட்டேனா?"

"பக்கத்துல இருக்கா?"

இடது கையைத் தூக்கினாள். வலது நடுவிரலை அக்குளில் வைத்தாள். "தோ, இங்க. கொட்ட கொட்டயா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு."

மூன்றாவதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"அது எனக்குத் தெரியாது. அத்த ஆஸ்பத்திரிலதான் சொல்லணும்."

அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். அவள் புருஷனும் வந்தார். வாயில்லாத மனுஷன், சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி வரச் சொன்னார்கள். எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். என் வயதுதான் இருக்கும், தூங்கி நாளாகியிருக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அவர் ஆரம்பிப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"எவ்ளோ பெருசு, பக்கத்துல எவ்ளோ கீது, கேட்டத் தாண்டி வெளிய போச்சா? இந்த மூணுந்தாம்மா எனக்கு ஓணும்."

டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. நான் கம்பெனிக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு இவளை நன்றாகப் பார்த்தார்.

"நாங்களும் இந்த மூணைத்தாங்க பார்ப்போம். கட்டி எவ்வளவு பெருசு, அக்குள்ல நெறி கட்டியிருக்கா, நுரையீரல், எலும்பு, கல்லீரல்னு தூரமாப் போயிருக்கா. மூணையும் சேர்த்துத்தான் எத்தனாவது ஸ்டேஜ்னு சொல்றது. கட்டியோட அளவை மட்டும் பார்த்தா உங்களுக்கு ரெண்டுன்னு சொல்லியிருப்பேன். அக்குள்ல நெறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. அதனால மூணு."

"வெளிய?"

"ஸ்கேன்ல எதுவும் தெரியல."

இவள் அந்தப் பெரிய மூச்சை விட்டாள். "அப்ப புடிச்சுடலாம்."

"முழுசாச் செஞ்சா," என்றார் டாக்டர். "தெரியலைன்னா, கண்ணுக்குத் தெரியற அளவுக்கு எதுவும் போகலன்னுதான் அர்த்தம். அதனாலதான் முதல்ல மருந்து ஏத்தறோம், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன், கரண்ட் வைக்கிறதுன்னு சொல்வாங்களே, அது. மூணும் செய்யணும்."

"மூணாம் நம்பர்னா எத்தினி வருசம்மா?"

டாக்டர் முகம் மாறாமல் பதில் சொன்னார். "இந்த நம்பர் உங்க ஜாதகம் இல்ல. இதே நிலைமைல வந்த நிறைய பேர் எப்படி இருந்தாங்கன்னு பார்த்து, எந்த வழியில போகணும்னு எங்களுக்குக் காட்டறது. ஒண்ணு, ரெண்டோட பார்த்தா இது கஷ்டம், மறைக்க மாட்டேன். ஆனா ஒரே நம்பர்ல வந்த ரெண்டு பேர் ஒரே மாதிரிப் போறதில்ல. கட்டியோட குணம், வேகம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும், அதெல்லாமும் இருக்கு. உங்களுக்குன்னு தனியா அது ஒண்ணும் சொல்லாது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது இவள் தெம்பாகத்தான் இருந்தாள். "அந்தம்மா நல்லா இன்ஸ்பெக்சன் பண்ணுது," என்றாள். எனக்கு அந்த "முழுசாச் செஞ்சா" காதிலேயே கிடந்தது.

கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். மருந்து ஏற்றினார்கள். வாந்தி, வாயெல்லாம் புண், முடி கொட்டியது. ஆள் பாதியாகிவிட்டாள். ஆனால் கட்டி கரைந்தது. ஒவ்வொரு தடவை போய்ப் பார்க்கும்போதும் சொல்வாள். எலுமிச்சை போய் நெல்லிக்காய். நெல்லிக்காய் போய்ச் சுண்டைக்காய். கடைசி மருந்து ஏற்றிய பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். வெளியறையில் புருஷன் மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"தொட்டுப் பாருமே."

"நான் எதுக்கு? நீயே பாரேன்."

"மருந்துல வெரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. சுடுதண்ணி எது, பச்சத்தண்ணி எதுன்னே தெரியல. நீ பாரு."

அந்த நடுவிரல் மரத்துப்போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன். அவள் காட்டிய இடமெல்லாம் தடவினேன், அக்குளிலும் தடவினேன். ஒன்றும் தட்டவில்லை.

"இல்லல்ல?"

"எனக்குத் தட்டல. ஆனா என்னைய நம்பாதக்கா. லைட்டுக்கு அடியில பிடிச்சாலே எனக்கு விரிசல் தெரியாது, உனக்கே தெரியும்லா?"

அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டையைக் கிழிக்கும்போது வருகிற அந்தச் சந்தோஷம் முகத்தில் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயந்த மாதிரியே ஆயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதே மாதம்தான் கம்பெனியில் இரண்டாவது பிளான்ட் திறக்கிறார்கள். அங்கே அவளை சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு. லைனிலிருந்து ஒரு பெண் சூப்பர்வைசர் ஆவது எங்கள் கம்பெனியில் அதுவரை நடக்காத காரியம். அதற்கு முன்னால் கார் கம்பெனிக்காரர்கள் வந்து ஆடிட் பண்ண வேண்டும், அதில் அவள் நிற்க வேண்டும். தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். லைனில் எல்லோருக்குமே தொப்பிதான், முடி இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஒப்படைக்க வந்தவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆபரேசன் என்னக்கா ஆச்சு?"

"ஆடிட் முடியட்டும்."

"டாக்டர் என்ன சொன்னாவ? மூணும் செய்யணும்னு சொன்னாவள்லா?"

"இல்லாத கட்டிக்கு இன்னாத்துக்குமே ஆபரேசன்? வெட்டிப்புட்டா கையத் தூக்க முடியாது, ட்ரே தூக்க முடியாது. அப்பால எவன் என்னிய சூப்பர்வைசர் ஆக்குவான்? ரீவொர்க் முடிஞ்சுது. நீயே தொட்டுப் பாத்துட்ட. டேக்கக் கிழிச்சாச்சு."

"விரிசலுக்கு ரீவொர்க் கிடையாதுன்னு நீதானக்கா சொல்லுவ?"

மெல்லச் சொன்னாள். "இது விரிசல் இல்லமே. பிசிறு."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். இந்த லைன்ல எது விரிசல், எது பிசிறுன்னு நான்தான சொல்றேன்?"

கத்தினேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். மகளைச் சொன்னேன். புருஷனிடம் போய்ச் சொன்னேன். அந்த மனுஷன் பாவம், "கட்டிதான் கரைஞ்சு போச்சேம்மா" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். வீடே சிரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அடுத்த மாதம் என்றாள். அதற்கடுத்த தடவை எடுக்கவில்லை. நான் வாரா வாரம் கேட்டேன், கேட்கக் கேட்க என்னிடம் பேசுவதைக் குறைத்தாள்.

சூப்பர்வைசர் ஆனாள். நீலத் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்தது. லட்டு கொடுத்தாள். எனக்கு அது இறங்கவில்லை. புதுப் பிளான்ட் அதே காம்பவுண்டுக்குள்தான். அங்கேயும் அதே மூன்று கேள்விகள். ஆனால் இப்போது விரலால் தடவுவதில்லை. பிள்ளைகளைத் தடவச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். கோளாறு வந்தால் மூன்றாவது கேள்விக்கு வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

முடி திரும்ப வளர்ந்து, கிளிப் போடுகிற அளவுக்கு வந்திருந்தது. நடக்கும்போது இடுப்பில் கை வைக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா?"

"எட்டு மணி நேரம் நின்னுகினே கீறேன். இடுப்பு வலிக்காதா? உனக்கு வலிக்கல?"

எனக்கும் வலித்தது. எங்கள் எல்லோருக்கும்தான் வலிக்கும். ஆனால் எங்களுக்குப் படுத்தால் போய்விடும். அவளுக்குப் படுத்தால் அதிகமானது. பஸ் படியில் ஏற அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒரு நாள் பார்த்தேன். அவள் புருஷன் ஓட்டுநர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

சில நாள் கழித்து, நான் இரண்டு மணிக்கு வழக்கம்போல் லைனை வாங்க நின்றேன். செக்யூரிட்டியிலிருந்து போன். வெளியே ஆள் வந்திருக்கிறது என்றார்கள். கேட்டுக்கு ஓடினேன். அவள் சேலையில் நின்றிருந்தாள். கம்பெனி உடுப்பில்லாமல் அந்தக் கேட்டில் அவளைப் பார்த்ததில்லை. லாரி ஒன்று வெளியே போவதற்காகக் கேட்டைத் திறந்தார்கள். அது போகிறவரை வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், அதையே பார்த்துக்கொண்டு.

"வெளிய பூடுச்சுமே," என்றாள். "எலும்புல கீதாம்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். செக்யூரிட்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அழவில்லை.

"அந்தம்மா திட்டல. திட்டியிருந்தா தேவல. கட்டி கரைஞ்சா மருந்து கேட்டுச்சுன்னுதான் அர்த்தம், வேர் போச்சுன்னு அர்த்தம் இல்லன்னு அப்பவே சொன்னேனேன்னுச்சு. எனக்குக் காதுல ஏறல. ஒண்ணு கேட்டேன். இப்ப மூணாம் நம்பர அடிச்சுட்டு நாலுன்னு போடுவீங்களான்னு. மொத மொதல்ல போட்டத அடிக்கவே மாட்டாங்களாம்மே. கரைஞ்சாலும் அடிக்க மாட்டாங்களாம், பரவினாலும் அடிக்க மாட்டாங்களாம். மூணுன்னு வந்தவ மூணுதான், அப்பால நடந்தத அதுக்குக் கீழ எழுதிக்கினே போவாங்களாம். நான்தான் கிழிச்சுட்டேன்."

அதற்கப்புறம் ஓட்டம்தான். மாத்திரை, ஊசி, எலும்புக்குக் கரண்ட். வலி குறைந்த மாதங்களும் உண்டு. அவற்றில் வேலைக்குக்கூட வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "பின்னாடியே ஓடிக்கினு கீறோம்" என்று என்னிடம் மட்டும் சொல்வாள். அந்த டாக்டரம்மாவும் ஓடினார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு நாற்காலியும் நின்றது.

மத்தியான ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் மண்ணூருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டுப் போவேன். ஜன்னலோரம் கட்டில். ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசியாக நான் போன நாளில் வலிக்குக் கொடுத்த மருந்தில் கண்ணை மூடிக் கிடந்தாள். மகள் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"லைன்ல இன்னா பிராப்ளம்?"

அன்றைக்கு ஒரு பிராப்ளமும் இல்லை. ஒரு வாரமாகவே இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மாற்றிச் சொன்னேன்.

"கழுத்துல விரிசல்க்கா. காலைல பிடிச்சாவ."

அவள் கண்ணில் ஒரு உயிர் வந்தது. தலையை என் பக்கம் திருப்பினாள்.

"எவ்ளோ பெருசு?"

"நகத்தளவு."

"பக்கத்து ட்ரேல கீதா?"

"இல்லக்கா. ஒரே ட்ரேதான். நானே தடவிப் பாத்தேன்."

மூச்சு வாங்கியது. மகள் துணியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரோட்டில் ஒரு லாரி கடந்து போய், சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"கேட் தாண்டிச்சா?"

"இல்லக்கா. எல்லாம் உள்ளதான் இருக்கு. வெளிய ஒண்ணும் போகல."

அந்தப் பழைய மூச்சை விட்டாள். வெகு காலத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு மூச்சு.

"அப்ப புடிச்சுடலாம்," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வாசற்படி வரை போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரல் தெளிவாக, லைனில் நிற்கிற மாதிரி இருந்தது.

"டேக்க மட்டும் கிழிச்சுடாதமே."

"கிழிக்க மாட்டேன்க்கா," என்றேன்.